நாலணாவில் தொடங்கிய சிவபூஜை

காசியில் பிறக்க முக்தி என்று எவரும் சொல்வதில்லை. காசியில் இறக்க முக்தி என்பதே ஆன்றோர் வாக்கு. அந்தத் தலத்தில் உயிர் பிரியும் வேளையில் விசுவநாதப் பெருமானே வந்து வலது செவியில் தாரக மந்திரத்தை ஓதி, அந்த ஆன்மாவைக் கரையேற்றுகிறார் என்பது பாரதத்தின் எல்லாப் பகுதி மக்களும் வழிவழியாகப் போற்றிவரும் நம்பிக்கை. அதனால்தான் மற்றத் தலங்களுக்குச் செல்வோர் தரிசனம் முடிந்ததும் திரும்பிவிட, காசிக்குச் செல்வோரில் ஒரு சாரார் திரும்பாமலே இருந்துவிடுகின்றனர். வயது முதிர்ந்தபின் வீடு வாசலைத் துறந்து, கங்கைக்கரையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, நாள்தோறும் நீராடி, விசுவேசுவரரையும் அன்னபூரணியையும் தொழுது, இறுதி நாளை எதிர்நோக்கி வாழும் இவ்வாழ்க்கைக்குக் 'காசிவாசம்' என்று பெயர்.

தமிழர்களுக்கும் காசிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. குமரகுருபர சுவாமிகள் நிறுவிய மடம் கேதார கட்டத்தின் அருகில் இன்றும் விளங்குகிறது. அனுமன் கட்டத்தைச் சுற்றிய சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. மகாகவி பாரதியார் தந்தையை இழந்தபின் 1898-ஆம் ஆண்டு அத்தையின் வீட்டுக்கு வந்து கல்வி பயின்றதும் இந்தப் பகுதியில்தான்.

அந்த ஆண்டுகளில் காசிக்கு வருவோரின் தொகை பெருகியிருந்தது. 1887-இல் கங்கையின்மீது ரயில் பாலம் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாயிற்று. வருவது எளிதாயிற்றே தவிர, வந்தபின் வாழ்வது எல்லோருக்கும் எளிதாக அமையவில்லை. கொண்டுவந்த பணம் தீர்ந்தாலும் உயிர் தீராத முதியவர்கள் பலர் இருந்தனர். மகன் அனுப்பும் மணியார்டர் ஒரு மாதம் நின்றுபோனால் அடுத்த மாதம் வாடகை கொடுக்க வழியில்லை. நோய் கண்டாலோ அருகில் இருந்து பார்க்க உறவில்லை. முக்தி வேண்டி வந்தவர்கள், அது கிட்டும்வரை பசியோடும் பிணியோடும் படித்துறைகளிலும் சந்துகளின் ஓரத்திலும் கிடக்க நேர்ந்தது. அன்னபூரணி ஆட்சி செய்யும் நகரில் ஒரு பிடி அன்னம் கிடைக்காமல் மடிந்தவர்களும் உண்டு.

இந்த நிலையைக் கண்டு, கையில் ஒரு காசும் இல்லாத சில இளைஞர்கள் 1900-ஆம் ஆண்டில் ஒரு சிறு தொண்டர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் வரலாறு, கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்ள வேண்டியது.

நண்பர் குழு

சாருசந்திர தாஸ், கேதார்நாத் மௌலிக், யாமினி ரஞ்சன் மஜும்தார் ஆகியோரும் வேறு சில வங்காள இளைஞர்களும் காசியில் அடிக்கடி ஒன்றுகூடுவர். பெரிய பதவியோ செல்வமோ உடையவர்கள் அல்லர் அவர்கள். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரிடமும் சுவாமி விவேகானந்தரிடமும் பக்தி பூண்டவர்கள். சுவாமிஜியின் சொற்பொழிவுகளைப் படிப்பது, தியானம் செய்வது, பஜனை பாடுவது என்று அவர்கள் பொழுது கழிந்தது. இன்றும் ஊர்தோறும் உள்ள சத்சங்கங்கள் போன்ற ஒரு குழுதான் அது.

ராமகிருஷ்ண மடத்தின் வங்காள இதழான 'உத்போதன்' 1899-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதில் சுவாமிஜி இயற்றிய 'தோழனுக்கு' என்னும் பொருள்படும் கவிதை ஒன்று வெளியாயிற்று. கண்ணெதிரே பல உருவங்களில் இறைவன் நிற்கும்போது அவனை வேறிடத்தில் தேட வேண்டியதில்லை. உயிர்களிடம் அன்பு செலுத்துபவனே இறைவனைப் பூசிப்பவன் என்ற கருத்தோடு அக்கவிதை நிறைவுறும். இளைஞர்கள் அதனைப் படித்தார்கள், தம்முள் பேசினார்கள், அதன் பொருளை மனத்தில் அசைபோட்டார்கள்.

இந்தக் கருத்துக்கு மூலம் தட்சிணேசுவரத்தில் இருக்கிறது. 1884-ஆம் ஆண்டு ஒருநாள் ஸ்ரீராமகிருஷ்ணர் தம் அடியவர்களிடையே வைஷ்ணவ சமயத்தின் சாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இறைநாமத்தில் சுவை, அடியார் வழிபாடு, உயிர்களிடம் இரக்கம் என்ற மூன்றைச் சொல்லிவந்தவர், இரக்கம் என்ற சொல்லை உச்சரித்ததும் தம்மை மறந்தார். சிறிது நேரங் கழித்து, புழுவினும் சிறிய மனிதன் பிறருக்கு இரக்கம் காட்டுவதாவது, சிவமே சீவனாக வந்திருக்கிறது என்று எண்ணிச் சேவை அல்லவா செய்ய வேண்டும் என்று மொழிந்தார். கேட்டவர் பலர், அதன் ஆழத்தை உணர்ந்தவர் நரேந்திரர். இறைவன் வாய்ப்பளித்தால் இந்த உண்மையை உலகெங்கும் பரப்புவேன் என்று அன்றே அவர் தம் நண்பர்களிடம் சொன்னார். நரேந்திரரே பின்னாளில் விவேகானந்தரானார்.

நாலணா

1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள். யாமினி ரஞ்சன் காலையில் கங்கையில் நீராடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியோரத்தில் ஒரு மூதாட்டி கிடந்தார். பல நாள் பட்டினியும் நோயும் அவரை உயிர் ஊசலாடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. நீராடி முடித்து நெற்றியில் திலகமிட்டவர்கள் பலரும் அவரைக் கடந்து சென்றபடி இருந்தனர். அவர்களைக் கொடியவர் என்று கருதிவிட இயலாது. காசியில் மரணம் என்பது மங்கலம். அதற்காகவே அந்த அம்மையார் வந்திருக்கிறார் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

யாமினி ரஞ்சனால் அவ்வாறு கடந்து செல்ல முடியவில்லை. தம்மிடம் காசு இல்லை. வழியில் வந்த ஒருவரிடம் கையேந்தி நாலணா பெற்றார். பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய் என்றிருந்த காலத்தில் அது கால் ரூபாய். அதைக் கொண்டு பால் வாங்கிவந்து, சிறிது சிறிதாக அந்த அம்மையாரின் வாயில் ஊற்றினார். பிறகு ஓடிச்சென்று நண்பர்களை அழைத்துவந்தார். அவர்கள் வீடுவீடாகச் சென்று பிச்சை எடுத்து, உணவுக்கும் மருந்துக்கும் வழிசெய்து, முறைவைத்து அருகிலிருந்து, மருத்துவமனையில் இடம் பெற்றுக் காப்பாற்றினார்கள்.

ஒருவருக்குச் செய்த உதவியோடு அவர்கள் அமைதி கொள்ளவில்லை. அதே சந்துகளில், அதே நிலையில் இன்னும் எத்தனையோ பேர் கிடப்பதை அப்போதுதான் அவர்கள் கண்கள் பார்க்கத் தொடங்கின. அதுவரை அவ்வழியே நாள்தோறும் சென்றவர்களே அவர்கள்! ஆதரவற்றவர்களைத் தேடிச் சென்று பார்ப்பது, இயன்றவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே உணவும் மருந்தும் கொடுப்பது, இயலாதவர்களைத் தூக்கிவந்து தங்கவைத்துப் பேணுவது எனப் பணி விரிந்தது. சிறியதொரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். 'ஏழைகள் துயர் தணிப்புச் சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள்.

பணி எத்தகையது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த இளைஞர்களின் உள்ளம் விளங்கும். நோயாளியைத் தோளில் சுமப்பது, மலசலம் எடுப்பது, புண்ணைக் கழுவுவது, பிச்சையில் வந்த அரிசியைக் கஞ்சியாக்கிப் புகட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவில் உயிர் பிரியும்போது கைபற்றி அமர்ந்திருப்பது. தீண்டாமையும் ஆசாரக் கட்டுப்பாடுகளும் மிகுந்திருந்த காலத்தில், சாதி கேட்காமல் நோயாளியைத் தொட்டுத் தூக்குவதற்குத் தனித் துணிவு வேண்டியிருந்தது.

பெயர் மாறியது, பொருள் மாறியது

1902-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் புத்தகயை தரிசனத்தை முடித்துக்கொண்டு காசிக்கு எழுந்தருளினார். உடல் நலிந்திருந்த காலம். அவர் மகாசமாதி அடைய ஐந்து மாதங்களே இருந்தன. காசியில் தங்கியிருந்த நாட்களில் இந்த இளைஞர்களின் பணியை நேரில் கேட்டறிந்து பெருமகிழ்ச்சி அடைந்தார். ஆயினும் சங்கத்தின் பெயர் அவருக்கு உவப்பாக இல்லை.

துயர் தணிக்க நீங்கள் யார் என்பதே அவர் எழுப்பிய வினாவின் சாரம். மனிதன் மனிதனுக்குத் துயர் தீர்க்க வல்லவன் அல்லன். தீர்க்கிறேன் என்ற எண்ணமே அகந்தையை வளர்க்கும். மனிதனால் முடிந்தது சேவை ஒன்றே. எதிரே கிடக்கும் நோயாளியை நாராயணனாக எண்ணித் தொண்டு செய்யும் பேறு கிடைத்திருக்கிறது என்று கருதுங்கள் என அறிவுறுத்தினார். 'துயர் தணிப்பு' என்ற சொல் நீங்கியது. 'ராமகிருஷ்ண சேவாசிரமம்' என்ற பெயர் அமைந்தது.

ஒரு சொல்லை மாற்றியதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். கொடுப்பவன் என்று தன்னை நினைப்பவன், பெறுபவன் நன்றி காட்டவில்லையென்றால் சலிப்படைகிறான். உதவி பெற்றவர் பொய்யுரைத்தார் என்று தெரிந்தால் அடுத்தவருக்குக் கொடுக்கக் கை வருவதில்லை. கொடுத்த தொகை கல்வெட்டில் ஏறவில்லையென்றால் மனம் நோகிறது. சேவிப்பவனுக்கு இந்தச் சங்கடங்கள் இல்லை. அபிஷேகம் செய்தபின் சிவலிங்கம் நன்றி சொல்லவில்லை என்று எந்த அர்ச்சகரும் வருந்துவதில்லை. பூசை செய்யக் கிடைத்ததே பூசையின் பயன். இந்த மனநிலையை ஒரு சங்கத்தின் பெயரிலேயே பதித்துவிட்டார் சுவாமிஜி.

அத்துடன் நில்லாது, சேவாசிரமத்தின் ஆண்டறிக்கையோடு அனுப்புவதற்கென்று வேண்டுகோள் மடல் ஒன்றையும் தாமே எழுதிக் கொடுத்தார். அது இன்றும் அவருடைய நூல்தொகுதியில் இடம்பெற்றுள்ளது. காசியின் தனித்தன்மையை அதில் எடுத்துரைக்கிறார். ஏனைய தலங்களுக்கு மக்கள் சில நாட்களுக்கே செல்கின்றனர்; காசிக்கோ முதுமையில், மரணத்தை எதிர்நோக்கி வருகின்றனர். அனைத்தையும் துறந்து வந்த சந்நியாசிகளுக்கும் நோய் வருகிறது. அவர்களைப் பார்ப்பார் யார் என்று வினவுகிறார். திருத்தலங்களின் நிர்வாகத்தையும் பண்டாக்களையும் குறைகூறுவது அந்நாளில் வழக்கமாக இருந்தது. அக்குறைகளில் உண்மை இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் சுவாமிஜி, மக்கள் எவ்வழியோ பண்டாக்களும் அவ்வழியே என்று நினைவூட்டுகிறார். துன்ப வெள்ளம் வாசலில் ஓடும்போது கைகட்டி நின்று, பிறர் குறையைப் பேசிக்கொண்டிருந்தால் ஒருவருடைய துன்பமும் அணுவளவும் குறையாது என்கிறார். காசியில் இறந்தால் முக்தி என்ற முன்னோர் நம்பிக்கையைக் காக்க விரும்புவோர், இறப்பதற்காக அங்கு வருவோரையும் காக்க வேண்டும் என்பதே அம்மடலின் கருத்து.

கணக்கும் அறிக்கையும் அச்சிட்டு வெளியிடும் வழக்கம் அந்தச் சிறு சங்கத்தில் தொடக்கத்திலேயே இருந்தது என்பதும் இதனால் தெரிகிறது. பிச்சையாக வந்த பணத்துக்கும் கணக்கு உண்டு; பிச்சையாக வந்ததாலேயே கூடுதல் பொறுப்பு உண்டு.

அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி எய்தினார். நவம்பர் மாதத்தில் இளைஞர்கள் தம் சங்கத்தை ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தனர். தாம் தொடங்கியது என்று உரிமை கொண்டாடாமல், தமக்குப் பின்னும் பணி நிலைக்க வேண்டும் என்று எண்ணி எடுத்த முடிவு அது. நிறுவியவர்களின் மறைவோடு மறைந்துபோன சங்கங்கள் நாட்டில் எத்தனையோ. இது நிலைத்ததற்கு அந்த முடிவு ஒரு முக்கியமான காரணம்.

ஏளனமும் ஏற்பும்

இதே காலத்தில் ஹரித்துவாரத்துக்கு அருகிலுள்ள கன்கலிலும் ஒரு சேவாசிரமம் முளைவிட்டது. தட்சன் யாகம் செய்ததாகப் புராணம் கூறும் தலம் அது. சுவாமிஜியின் சீடரான சுவாமி கல்யாணானந்தர் 1901-ஆம் ஆண்டு அங்குச் சென்று, வாடகை அறைகளில் நோயுற்ற சாதுக்களுக்குச் சிகிச்சை தொடங்கினார். 1903-இல் சுவாமி நிச்சயானந்தர் அவருடன் இணைந்தார். மருந்துப் பெட்டியுடன் ரிஷிகேசம்வரை கால்நடையாகச் சென்று, குடில்களில் கிடந்த துறவியரைக் கவனித்துவிட்டுத் திரும்புவார்கள். எல்லாச் சாதியாருடைய மலசலத்தையும் எடுத்ததால் அவ்விருவரையும் 'பங்கி சாதுக்கள்', அதாவது தோட்டி வேலை செய்யும் சாமியார்கள், என்று பிற துறவியர் இகழ்ந்தனர். பந்தியில் உடன் அமர்த்தவும் மறுத்தனர். பின்னர் ரிஷிகேசம் கைலாச ஆசிரமத்தின் தலைவராக விளங்கிய சுவாமி தனராஜகிரி, துறவியர் கூடிய விருந்தொன்றில் இவ்விருவரையும் வரவழைத்துப் பெருமைப்படுத்தி, உண்மைத் துறவு எது என்பதை மற்றவர்களுக்கு உணர்த்தினார். அதன்பின் ஏளனம் அடங்கியது.

காசியில் எழுந்த ஐயம் வேறு வகையானது, பக்தர்களிடையே எழுந்தது. ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுதமொழிகளை நூலாக்கித் தந்த மகேந்திரநாத் குப்தர், 'ம' என்று அடியார்களால் போற்றப்படுபவர். ஆஸ்பத்திரி, மருந்தகம் ஆகியவற்றை நடத்துவது குருதேவரின் உபதேசத்துக்கு இசைந்ததா என்று அவருக்குத் தயக்கம் இருந்தது. காரணம் இல்லாமலும் இல்லை. இறைவன் உன்முன் தோன்றினால் ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் வேண்டும் என்றா கேட்பாய் என்று ஓர் அடியவரிடம் குருதேவர் வினவியதை அவரே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். முதலில் இறைவனைக் காண்க, பிறவெல்லாம் பின்னர் என்பது குருதேவரின் வாக்கு.

1912-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அன்னை ஸ்ரீசாரதா தேவியார் காசி யாத்திரை வந்தார். 8-ஆம் நாள் சேவாசிரமத்தைக் காண எழுந்தருளினார். ஒவ்வொரு பகுதியாகச் சுற்றிவந்து நோயாளிகளைப் பார்த்தார். இந்த எண்ணம் முதலில் யாருக்குத் தோன்றியது, எப்படித் தொடங்கிற்று என்று கேட்டறிந்தார். குருதேவர் இங்கே நேரில் எழுந்தருளியிருப்பதைக் கண்டதாகவும், இங்கேயே தங்கிவிடலாம் போல் இருப்பதாகவும் மொழிந்தார். இருப்பிடம் திரும்பியபின் பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் காணிக்கையாக அனுப்பிவைத்தார். அந்த நோட்டு செலவழிக்கப்படாமல் சேவாசிரமத்தில் இன்றுவரை பாதுகாக்கப்படுகிறது.

அப்போது மகேந்திரநாத் குப்தரும் காசியில் இருந்தார். அன்னையார் கூறியதை அறிந்த சுவாமி பிரம்மானந்தர் புன்முறுவலோடு அடியார்களை அவரிடம் அனுப்பி, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கச் செய்தார். அன்னையாரே சொல்லியபின் ஒப்புக்கொள்ளாமல் இருக்க வழியில்லை என்று அவர் சிரித்தபடியே ஏற்றுக்கொண்டார். குருதேவர் வினவியதும் அன்னையார் மொழிந்ததும் முரண்பட்டவை அல்ல. இறைவனை மறந்து புகழுக்காக நடத்தும் தருமம் ஒன்று. நோயாளியிடம் இறைவனையே காணும் பூசை மற்றொன்று. முன்னதைக் குருதேவர் எச்சரித்தார். பின்னதை அன்னையார் வாழ்த்தினார்.

வாடகை வீட்டிலிருந்து

நோயாளிகள் பெருகப் பெருக வாடகை வீடுகள் போதவில்லை. லக்ஷா பகுதியில் நிலம் பெற்று, 1908-ஆம் ஆண்டு சுவாமி பிரம்மானந்தர் அடிக்கல் நாட்டினார். துறவு பூணுவதற்குமுன் அரசுப் பொறியாளராகப் பணிபுரிந்த சுவாமி விஞ்ஞானானந்தர் கட்டடப் பணியை மேற்பார்வையிட்டார். 1910-இல் புதிய கட்டடங்கள் திறக்கப்பெற்றன. அருகிலேயே சுவாமி சிவானந்தர் 1902-இல் தொடங்கிய அத்வைத ஆசிரமம் தவத்துக்கும் தியானத்துக்கும் உரியதாக விளங்கியது. ஒரு மதிலுக்கு இந்தப்பக்கம் தியானம், அந்தப்பக்கம் சேவை. இரண்டும் ஒரே வழிபாட்டின் இரு கூறுகள்.

நண்பர் குழுவினர் சிலர் துறவியராயினர். கேதார்நாத் மௌலிக் சுவாமி அசலானந்தர் ஆனார். சாருசந்திர தாஸ் நெடுங்காலம் சேவாசிரமப் பணியிலேயே மூழ்கியிருந்து, பின்னர்த் துறவு ஏற்றுச் சுவாமி சுபானந்தர் என்ற பெயர் பெற்றார். தவத்திலும் வேதாந்தத்திலும் தோய்ந்தவரான சுவாமி துரீயானந்தர் தம் இறுதி நாட்களை இந்தச் சேவாசிரமத்தில் கழித்து, இத்தொண்டர்களின் பணிவிடையைப் பெற்று, 1922-ஆம் ஆண்டு ஜூலை 21-இல் இங்கேயே மகாசமாதி அடைந்தார்.

நாலணாப் பாலில் தொடங்கிய அந்தப் பணி இன்று அறுவைச் சிகிச்சை உள்ளிட்ட பல பிரிவுகள் கொண்ட பெரிய மருத்துவமனையாக விளங்குகிறது. ஆதரவற்ற முதியவர்களுக்கென ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இல்லங்களும் உள்ளன. காசி யாத்திரை செல்லும் தமிழன்பர்கள் விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் சந்நிதிகளோடு லக்ஷாவிலுள்ள இந்தச் சேவாசிரமத்தையும் தரிசித்து வரலாம். அதுவும் சிவசந்நிதியே.

நம் மண்ணுக்குப் புதிதன்று

சீவனைச் சிவனாகக் காணும் இந்த நெறி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குப் படைப்பது நடமாடும் கோயிலாகிய அடியவர்க்குச் சென்று சேராது. அடியவர்க்குக் கொடுப்பதோ கோயில் இறைவனைச் சென்று சேரும் என்று திருமூலர் அருளியிருக்கிறார். திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தலும் சாலையும் அமைத்துத் தம் பெயரை விட்டுவிட்டுத் திருநாவுக்கரசர் பெயரையே சூட்டினார். இளையான்குடி மாறனார் நள்ளிரவில், கொட்டும் மழையில், விதைத்த நெல்லை வாரிவந்து அடியவருக்கு அமுது சமைத்தார். திருநாவுக்கரசர் கையில் ஏந்திய உழவாரப்படை, தொண்டுக்குச் செல்வம் தேவையில்லை, கை இருந்தால் போதும் என்பதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காசி இளைஞர்களை ஊக்கிய அதே அருள், அக்காலத்தில் சென்னையிலும் செயல்பட்டது. 1897-இல் சென்னைக்கு வந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் வழிகாட்டுதலில், மயிலாப்பூரில் ராமசாமி ஐயங்கார் 1905-ஆம் ஆண்டு ஆதரவற்ற சிறுவர்கள் சிலரைக் கொண்டு மாணவர் இல்லத்தைத் தொடங்கினார். அவரும் வீடுவீடாகச் சென்று கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகளுக்கு உணவளித்தார். இன்று அந்த மாணவர் இல்லத்தை அறியாத சென்னைவாசிகள் குறைவு.

இன்றைய நிலை காசியில் அன்றிருந்த நிலையிலிருந்து வெகுவாக மாறியிருக்கிறது. ஆயினும் ஆதரவற்ற முதுமை மறைந்துவிடவில்லை. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோர் ஒவ்வோர் ஊரிலும் உள்ளனர். அவர்களுக்குப் பணம் குறைவில்லாமல் இருக்கலாம். காய்ச்சல் கண்ட இரவில் ஒரு குவளை வெந்நீர் கொடுக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். நாள்தோறும் கோயிலில் காணும் ஒருவர் நான்கு நாட்களாக வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று அவர் வீட்டுக்குச் சென்று பார்ப்பதும் பிரதட்சிணத்தில் ஒரு சுற்றுக்குச் சமம்.

இதற்குப் பெரிய சங்கமோ, பதிவு எண்ணோ, நன்கொடை ரசீதுப் புத்தகமோ உடனே வேண்டியதில்லை. மாலையில் திருப்புகழ் பாடக் கூடும் பத்துப் பேர், பாட்டு முடிந்தபின் ஐந்து நிமிடம் அமர்ந்து, இந்த வாரம் யாரைப் பார்க்க வேண்டும் என்று பேசினால் போதும். ஒருவர் மருந்து வாங்கிக் கொடுக்கலாம். ஒருவர் வங்கிக்குத் துணை செல்லலாம். நடக்க முடியாதவர் தொலைபேசியில் நலம் விசாரிக்கலாம். முதுமை எய்திவிட்டோமே, நம்மால் என்ன முடியும் என்று தயங்க வேண்டியதில்லை. தனித்திருக்கும் முதியவரின் மனத்தை இன்னொரு முதியவரைப் போல அறிந்தவர் வேறு எவர்?

செய்யும்போது நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்றே. உதவுகிறோம் என்ற எண்ணம் எழும்போதெல்லாம், 'துயர் தணிப்பு' என்ற சொல்லைச் சுவாமிஜி நீக்கியதை எண்ணிக்கொள்ள வேண்டும். கங்கையில் நீராடிவிட்டு விசுவநாதர் சந்நிதிக்குச் செல்லும் வழியில்தான் அந்த மூதாட்டி கிடந்தார். அன்று யாமினி ரஞ்சன் அவருக்குப் புகட்டிய பாலை, விசுவநாதர் தமக்குச் செய்த அபிஷேகமாகவே ஏற்றுக்கொண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை.